தீயை அணைத்துவிட்டுப் படுங்கள்

இந்த வார இறுதியில் வீட்டு முற்றத்தில் தீ மூட்டப் போகிறவர்கள், தீப்பெட்டியை எடுக்குமுன் இதைப் படித்துவிடுங்கள். கோழி சுடுவதற்காக இருக்கலாம், பொங்கல் பானை ஏற்றுவதற்காக இருக்கலாம், வெளியூரிலிருந்து வந்திருக்கும் பிள்ளைகளோடு இரவில் சுற்றி உட்கார்ந்து பேசுவதற்காகவும் இருக்கலாம். தாராளமாக மூட்டுங்கள். தீயைச் சுற்றி உட்காரும் குடும்பத்தைப் பார்ப்பதே ஒரு சந்தோஷம். ஆனால் ஆயர் குரோவிலும் கிருபோங்கிலும் ஜாசினிலும் மெர்லிமாவிலும் இப்போது தீ மூட்டப்படும் விதத்தைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. எங்கே மூட்டுகிறோம், எதில் மூட்டுகிறோம் என்று யோசிப்பதில்லை. எரிந்து முடிந்ததும் யார் அணைப்பது என்று கேட்பதில்லை.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு வெளியடுப்பு புதிதல்ல. தெபோங், கெமுனிங், புக்கிட் அசகான், டயமண்ட் ஜூப்ளி, ஜாசின் லாலாங் என்று மலாக்காவின் எந்தத் தோட்டத்தை எடுத்துக்கொண்டாலும், விடியுமுன் மரம் வெட்டப் போகிறவர்களின் குளியலுக்கு லயத்துக்குப் பின்னால் கித்தா விறகில் வெந்நீர் காய்ந்த காலம் ஒன்று இருந்தது. அங்கே சுற்றிலும் வெட்டவெளி. யார் வீட்டுப் பிள்ளை அடுப்புக்கிட்டே போனாலும் அதட்டி இழுக்க நான்கு அத்தைமார் இருந்தார்கள். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் இடிக்கப்பட்டன, நம் சனங்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். அடுப்பு மூட்டும் பழக்கம் கூடவே வந்துவிட்டது. அதற்கு வேண்டிய இடம் வரவில்லை.

கணக்கைப் பாருங்கள். தாமானில் ஒரு வரிசை வீட்டு மனை பெரும்பாலும் 20 அடி அகலம், 70 அடி நீளம். திறந்த விறகுத் தீ என்றால் சுவர், வேலி, கூரை, கார், துணிக்கொடி எல்லாவற்றிலிருந்தும் குறைந்தது 10 அடி தள்ளி இருக்க வேண்டும். இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து. 20 அடி அங்கேயே முடிந்துவிட்டது. அடுப்பை எங்கே வைப்பது? முன்புறம் கார் போர்ச்சின் கூரை, பின்புறம் சமையலறையின் கேஸ் தோம்பு. ஆகவே வரிசை வீட்டுக்காரர்கள் திறந்த விறகுத் தீ ஆசையை விட்டுவிடுங்கள். அடக்கமான, மூடியுள்ள கரி அடுப்பு ஒன்று உங்கள் வீட்டுக்குப் போதும். அதையும் கூரைக்கு அடியில் வைக்காதீர்கள். மூலை வீடும் கம்பத்து மனையும் உள்ளவர்கள் விறகடுப்பு கட்டிக்கொள்ளலாம்.

அடுப்பு வாங்கப் போகும்போது அழகைப் பார்க்காதீர்கள், கனத்தைப் பாருங்கள். மெல்லிய தகடு இரண்டு மூன்று தடவையில் வளைந்து, ஒரு நாள் தணலோடு சாயும். கால்கள் அகன்று ஊன்ற வேண்டும். கையால் ஆட்டிப் பார்த்தால் ஆடக் கூடாது. காற்றுத் துளைகளைத் திறக்கவும் அடைக்கவும் வழி இருக்க வேண்டும். மூடியும் துளையும் அடைபட்டால் கரி தானாகவே அடங்கும். விறகு எரிப்பதானால் மேலே பொறி பறக்காதபடி கம்பி வலை கட்டாயம்.

நம்மிடையே பெயர்போனது எண்ணெய் டிரம்மை நெடுக்கே அறுத்துச் செய்த அடுப்பு. அந்த டிரம்மில் முன்பு என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரியுமா? இரசாயனமோ எரிபொருளோ இருந்த டிரம்முக்குள் ஆவி தங்கியிருக்கும். வெல்டிங் தீயோ கிரைண்டர் பொறியோ பட்டால் போதும், வெடிக்கும். பூர்வீகம் தெரியாத டிரம்மை யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். துத்தநாகம் பூசிய ஜிங்க் தகட்டையும் அடுப்பாக்காதீர்கள். கடும் சூட்டில் அந்தப் பூச்சு புகையாகி, சுவாசித்தவருக்குக் குளிர்க்காய்ச்சல் போல நடுக்கம் கண்டுவிடும்.

செங்கல் அடுப்பு கட்டுகிறவர்கள் உட்புறத்துக்குத் தீச்செங்கல் போடுங்கள். ஆற்றுக் கல்லை அலங்காரத்துக்கு அடுக்க வேண்டாம். கல்லுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் கல்லையே வெடிக்க வைக்கும். சில்லு கண்ணில் தெறிக்கும். மலாக்காவில் மழைக்குக் கேட்க வேண்டியதில்லை. நனைந்த அடுப்பில் எடுத்தவுடன் பெருந்தீ வளர்க்காமல், அரை மணி நேரம் சிறு தீயில் காயவிடுங்கள்.

இப்போது இணையக் கடைகளில் மேசைமேல் வைக்கும் குட்டி அடுப்பு விற்கிறது. எரிசாராயத்தை ஊற்றிக் கொளுத்துவது. அதை வாங்கவே வாங்காதீர்கள். அந்தச் சுடர் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி ஊற்றும்போது சுடர் போத்தலுக்குள் ஏறி, எதிரே உட்கார்ந்திருப்பவர்மேல் பீய்ச்சி அடிக்கும். அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2024 டிசம்பரில் இந்த வகை அடுப்புகளை உடனே தூக்கிப் போடச் சொல்லி எச்சரித்தது. நம் கைத்தொலைபேசியில் அதன் விளம்பரம் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

பெட்ரோலைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கரி பிடிக்கவில்லை. விருந்தினர் வந்துவிட்டார்கள். மச்சான் ஒருவர் மோட்டார் சைக்கிளிலிருந்து இறக்கிய பெட்ரோலை மினரல் வாட்டர் போத்தலில் கொண்டுவருகிறார். சாம்பல் பூத்த கரியின்மேல் சாய்க்கிறார். ஒரு நொடி எதுவும் நடப்பதில்லை. அந்த ஒரு நொடியில்தான் எல்லாம் நடக்கிறது. பெட்ரோல் மைனஸ் 40 பாகைக் குளிரிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விடும் பொருள். மலாக்காவின் 30 பாகைச் சாயங்காலத்தில் கேட்பானேன். அந்த ஆவி காற்றைவிட மூன்று மடங்குக்கும் மேல் கனம். மேலே போகாது. சிமெந்துத் தரையில் படர்ந்து, காலடியில் ஓடி, லோங்காங்கில் இறங்கும். சாம்பலுக்கு அடியில் ஒரு கங்கு உயிரோடு இருந்தால், அடுப்பு பற்றுவதற்கு முன்பே போத்தல் பிடித்த கையும் குனிந்த முகமும் பற்றிக்கொள்ளும். போத்தலை உதறுவார், அது எங்கே போய் விழும்? பிள்ளைகள் நிற்கிற பக்கம்கூட விழலாம். தயவுசெய்து, பெட்ரோலையும் தின்னரையும் முற்றத்து அடுப்புக்குக் காட்டாதீர்கள். எரிகிற தீயில் மண்ணெண்ணெயும் ஊற்றாதீர்கள். காய்ந்த தேங்காய் மட்டையும் சிரட்டையும் நம் ஊரில் கிடைக்காத பொருளா? பத்து நிமிடம் விசிறிக்கொண்டு காத்திருந்தால் கரி தானாகப் பிடிக்கும்.

விறகிலும் நியாயம் இருக்கிறது. காய்ந்த கித்தா விறகு நன்றாக எரியும். பச்சை விறகு புகையைத்தான் தரும். மூவார் வட்டாரத்து மரச்சாமான் தொழிற்சாலைகளிலிருந்து வரும் துண்டுப் பலகைகள் சும்மா கிடைக்கின்றன என்று மூட்டையாக வாங்கி வருகிறார்கள். பசையில் அழுத்திய பலகை, வார்னிஷ் அடித்த பலகை, பூச்சி அரிக்காமல் மருந்து ஏற்றிய பலகை எல்லாம் அதில் கலந்திருக்கும். செம்பும் குரோமியமும் ஆர்செனிக்கும் ஏற்றிய பலகையை எரித்தால் ஆர்செனிக் சாம்பலில் தங்கும். அந்தச் சாம்பலைத்தான் கறிவேப்பிலைச் செடிக்கு உரமென்று போடுகிறோம். பெலட் பலகையில் முத்திரையைத் தேடிப் பாருங்கள்: ‘எம்பி’ என்றிருந்தால் மெதைல் புரோமைடு நச்சுப்புகை போட்டது, தொடாதீர்கள். எந்த முத்திரையும் இல்லையென்றாலும் விட்டுவிடுங்கள்.

குப்பையை இதோடு சேர்த்து எரிக்கிறவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். டயர், பிளாஸ்டிக் பை, பழைய வயர், பம்பர்ஸ் எல்லாம் அடுப்பில் போடுவது பாவம். அண்டை வீட்டுக் கைக்குழந்தையும் ஆஸ்துமாக்காரரும் அதைச் சுவாசிக்கிறார்கள். சட்டப்படியும் குற்றம்: 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 29ஏ பிரிவு திறந்தவெளி எரிப்பைத் தடுக்கிறது, 5 ஆண்டுவரை சிறைக்கும் இடமுண்டு. வெளியில் சமைப்பதற்கும் சமயச் சடங்குக்கும் விதிவிலக்கு இருக்கிறது. அந்த விதிவிலக்கின் நிழலில் டயரைக் கொளுத்தக் கூடாது. போகி என்றாலே எரிப்பதுதான் என்று யாராவது வாதாடினால், காஜா பெராங்கில் உள்ள கம்போங் செட்டியைக் காட்டுங்கள். தலைமுறை தலைமுறையாக மலாக்காச் செட்டிகள் போகியன்று முன்னோருக்கு வாழையிலையில் படையல் போட்டுக் கும்பிடுகிறார்கள். போகி அவர்களுக்கும் போகிதான்.

ஊரார் மூட்டிய தீயின் புகை நமக்குத் தெரியாததா? 2013 ஜூன் 23ஆம் தேதி, நம் எல்லைக்கு அந்தப் பக்கம் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746ஐத் தொட்டது. மூவாரிலும் லேடாங்கிலும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 300ஐத் தாண்டினாலே அபாயக் கட்டம். அன்று சுமத்திராவில் தீ வைத்தவர்களைச் சபித்தோம். புகைமூட்ட நாளில் நாம் மூட்டும் அடுப்பும் பக்கத்து வீட்டு நெஞ்சுக்கு அதே வேலையைத்தான் செய்கிறது. குறியீடு 100ஐத் தாண்டிய நாளில் அடுப்பை மூடி வைத்துவிட்டு உள்ளே சமையுங்கள். குழாயில் தண்ணீர் வராத நாளிலும் அப்படியே. 1991இல் டுரியான் துங்கல் அணை வற்றி மலாக்கா தவித்ததை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட வறட்சியில் லாலான் காட்டில் ஒரு பொறி விழுந்தால் எதைக் கொண்டு அணைப்பீர்கள்?

மாரியம்மன் கோவிலிலும் திரௌபதை அம்மன் கோவிலிலும் தீமிதி பார்த்திருப்பீர்கள். குழிக்கு இடம் முன்பே குறித்தாயிற்று. கட்டை எரிந்து தணலாகும்வரை பொறுப்பானவர்கள் அதை விட்டு நகர்வதில்லை. கூட்டம் கயிற்றுக்கு அப்பால் நிற்கிறது. முடிவில் பால்குழி காத்திருக்கிறது. விரதம் இருந்தவரும் சொன்ன பிறகே இறங்குகிறார். அம்மன் சந்நிதியில் நெருப்புக்கு இவ்வளவு பயபக்தி காட்டும் நாம், வீட்டுக்கு வந்ததும் ஒரு கையில் பீர் டின்னோடு அதைக் கிளறுகிறோம். தீயைப் பார்த்துக்கொள்ள ஒருவரை நியமியுங்கள். அவர் அன்றைக்குக் குடிக்கக் கூடாது. அவர் எழுந்து போனால் இன்னொருவர் அந்த இடத்தில் வந்து நின்ற பிறகே போக வேண்டும். தண்ணீர்க் குழாய் நீட்டி, திறந்து பார்த்து, கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கட்டும். பொங்கல் பானைக்குப் பக்கத்தில் நிற்கும் பெண்பிள்ளைகளுக்குப் பருத்தித் துணி உடுத்துங்கள். நைலான் பாவாடை எரியும்போது உருகித் தோலோடு ஒட்டும்.

மழை வந்தால் ஒரு தப்பு வழக்கமாக நடக்கிறது. கரி அடுப்பை அப்படியே தூக்கிப் போர்ச்சுக்குள்ளோ கூடத்துக்குள்ளோ வைத்து, சாரல் அடிக்கிறதென்று கதவையும் சாத்துகிறார்கள். தணல் விடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் உயிர்வாயுவைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். தலை சுற்றுகிறது, தூக்கம் வருகிறது என்று படுப்பவர்கள் எழுந்திருக்காமலே போகலாம். மழை வந்தால் கோழியை உள்ளே கொண்டுபோங்கள். அடுப்பு வெளியிலேயே நனையட்டும்.

யாருக்காவது பட்டுவிட்டால் பல்பசை, கிச்சாப், மஞ்சள், எண்ணெய் எதுவும் வேண்டாம். ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். கடிகாரத்தைப் பார்த்துப் பிடியுங்கள். வீங்குமுன் மோதிரத்தையும் வளையலையும் கழற்றுங்கள். ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். சுத்தமான துணியால் மூடி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். துணியில் தீப்பிடித்தவரை ஓட விடாமல் படுக்க வைத்து உருட்டுங்கள். தீ கைமீறினால் வீட்டைக் காப்பாற்றப் போராடாமல் எல்லாரையும் வெளியே கூட்டிக்கொண்டு 999ஐ அழையுங்கள், பொம்பா வரும்.

இனி அணைப்பது. மணலைப் போட்டு மூடினால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். மணல் சூட்டைப் பொத்தி வைக்கும். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் முகாம் தீயில் சுட்டுக்கொண்ட குழந்தைகளை ஆராய்ந்த மருத்துவர்கள், பெரும்பாலோரைச் சுட்டது எரியும் சுடர் அல்ல, அணைந்ததாக நினைத்து விட்டுப்போன தணல் என்று கண்டார்கள். மணல் மூடிய தணல் விடிந்த பிறகும் வெறுங்காலைப் பொசுக்கும். எங்கும் தண்ணீர் தெளியுங்கள், குச்சியால் கிளறுங்கள், மறுபடி தெளியுங்கள். ‘உஸ்’ என்ற சத்தம் அடங்கி, புறங்கையை அருகில் கொண்டுபோனால் சூடு தட்டாத நிலை வரும்வரை உள்ளே போகாதீர்கள். செங்கல் அடுப்பானால் ஒரேயடியாகக் கொட்டாமல் சிறுகச் சிறுகத் தெளித்தால் கல் வெடிக்காது. சாம்பலை மூடியுள்ள தகர வாளியில் இரண்டு நாளாவது வைத்திருந்து, பிறகு பிளாஸ்டிக் குப்பைத் தோம்பில் போடுங்கள்.

இன்னொரு வேலை இன்றைக்கே செய்ய வேண்டியது. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். மலாய்க்காரரோ சீனரோ நம்மவரோ, யாராக இருந்தாலும். “சனிக்கிழமை சாயங்காலம் அடுப்பு மூட்டப் போகிறோம் அக்கா. காயப்போட்ட துணியை எடுத்து வைத்துவிடுங்கள். ஐயாவுக்கு மூச்சு முட்டினால் ஒரு குரல் கொடுங்கள், அந்த நிமிடமே அணைத்துவிடுகிறோம்.”