நிறைவாக வாழ்ந்த தகப்பனுக்கு நாம் பட்ட கடன்



80, 90 வயதுவரை வாழ்ந்த குடும்பத் தலைவர் ஒருவர் கண்மூடினால், செத்தவீட்டுப் பந்தலின் கீழ் இருந்து நாம் வழமையாகச் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு. “பிள்ளைகளைக் கரைசேர்த்தார், பேரப்பிள்ளைகளையும் பூட்டப்பிள்ளைகளையும் கண்டார். இனி அழுவதற்கு என்ன இருக்கிறது?” ஆறுதலாகத்தான் இதைச் சொல்லுகிறோம். ஆனால் உள்ளே பெட்டியின் அருகில், அரை நூற்றாண்டுக்கு மேல் அவரோடு வாழ்ந்த மனைவி அமர்ந்திருக்கிறாள். அவள் செவியில் இந்த வார்த்தை எப்படி விழுகிறது? “உன் கண்ணீர் தேவையற்றது” என்றல்லவா?

நீண்ட ஆயுள் துயரத்தைக் கழித்துவிடுமா? நிறைவான வாழ்வு என்று நாம் எதைச் சொல்லுகிறோம்? அப்படி வாழ்ந்து முடித்த ஒருவருக்கு உயிரோடிருக்கும் நாம் பட்ட கடன் என்ன? இவை அறிஞர்கள் மட்டும் ஆராயும் கேள்விகள் அல்ல. ஒவ்வொரு குடும்பமும் ஒரு நாள் எதிர்கொள்ள வேண்டிய கேள்விகள்.

ஆதியாகமத்தில் யாக்கோபின் முடிவைப் படித்துப் பாருங்கள். அவர் 147 வயதில் இறந்தார். 12 ஆண்மக்களின் தகப்பன். பேரப்பிள்ளைகளை மடியில் வைத்து முத்தமிட்டவர். நம் கணக்கில் அதற்குமேல் நிறைவு ஏது? ஆயினும் யோசேப்பு தகப்பனின் முகத்தின்மேல் விழுந்து அழுதார். எகிப்தியர் 70 நாள் துக்கம் காத்தார்கள். கானான் நாட்டுக்கு உடலைக் கொண்டுசெல்லும் வழியில் மீண்டும் 7 நாள் புலம்பினார்கள். “வயது போனவர்தானே” என்று ஒருவரும் அவர்களைத் தடுக்கவில்லை. லாசரை உயிர்ப்பிக்கப் போகிறோம் என்று அறிந்திருந்தும், அவருடைய கல்லறையை நோக்கிப் போகையில் ஆண்டவர் கண்ணீர் விட்டாரே! கண்ணீர் விசுவாசக் குறைவு அன்று. நீண்ட காலம் அன்பு செய்தவர்கள் நீண்ட காலம் அழுவார்கள், அது இயல்பு. ஆகையால் அந்தத் தாயை அழவிடுங்கள். அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு சற்றுநேரம் பேசாமல் இருங்கள். அதுவே போதும்.

அப்படியானால் நிறைவு என்பதுதான் என்ன? 130 வயதில் பாரவோன் முன் நின்றபோது, தன் நாட்கள் கொஞ்சம் என்றும் அவை துன்பம் நிறைந்தவை என்றும் யாக்கோபே சொன்னார். அது வெறும் அவையடக்கம் அன்று. ஆசை மகனின் அங்கியை இரத்தக் கறையோடு கையில் வாங்கியவர் அவர். ஏறக்குறைய 22 ஆண்டுகள் அந்த மகன் செத்துவிட்டான் என்றே நம்பி, எவருடைய தேற்றரவையும் ஏற்காமல் வாழ்ந்தார். பின்னர் மகனைக் கண்டு, அவனோடு எகிப்தில் 17 ஆண்டுகள் இருக்கும் பேறு அவருக்குக் கிடைத்தது.

எங்கள் மண்ணில் அந்தப் பேறு கிடையாமலே கண்மூடிய தகப்பன்மார் எத்தனை பேர்! 2009இல் யுத்தம் முடிந்த பின்னரும், காணாமற்போன பிள்ளையின் படத்தை வைத்துக்கொண்டு படலையைப் பார்த்தபடியே இறந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய வாழ்வு குறைவாழ்வா? ஒருபோதும் இல்லை. ஒருவருக்கு என்ன கிடைத்தது என்பதைக்கொண்டு நிறைவை அளந்தால், அதிர்ஷ்டசாலி மட்டுமே நிறைவாக வாழ்ந்தவன் ஆவான். அவர் என்ன கொடுத்தார் என்பதே சரியான அளவை. இருந்த பிள்ளைகளுக்குச் சோறும், இல்லாத பிள்ளைக்காகச் செபமும் கடைசிவரை கொடுத்த மனிதன் நிறைவாக வாழ்ந்தவன்தான்.

இனி, அவரை எப்படி நினைப்பது? நாம் அச்சிடும் நினைவு மலர்களில் கோபக்காரர் ஒருவரும் இல்லை, பிடிவாதக்காரர் ஒருவரும் இல்லை. மறைநூல் அப்படிச் செய்யவில்லை. யாக்கோபு கண்பார்வையற்ற தகப்பனை ஏமாற்றியதையும், ஒரு மகனுக்கு மட்டும் ஓரவஞ்சனை காட்டி வீட்டில் பொறாமையை வளர்த்ததையும் அது ஒளிக்காமல் எழுதிவைத்திருக்கிறது. அதனால் அவர் பெருமை குறைந்ததா? இல்லை. குறையுள்ள ஒரு மனிதனை இறைவன் கைவிடாமல் நடத்தினார் என்ற உண்மையே அங்கு விளங்குகிறது. அடக்கத் திருப்பலியின் மறையுரை புகழுரையாக மாறக்கூடாது என்று திருச்சபையின் வழிபாட்டு விதி சொல்வதற்கும் காரணம் உண்டு. குறையே இல்லாதவருக்குச் செபம் எதற்கு? தகப்பனைப் பிழையற்றவராக்கிவிட்டால், அவருக்காக மன்றாடும் கடமையையும் கைவிட்டுவிடுவோம். பேரப்பிள்ளைகள் அடையாளம் காணமுடியாத ஒரு படத்தை மாட்டிவைப்பதைவிட, “கோபம் வந்தால் பேசமாட்டார், ஆனால் இரவில் எழுந்துவந்து எங்களுக்குப் போர்த்திவிடுவார்” என்று உள்ளதைச் சொல்வதே மரியாதை.

கடைசியாக, கடனின் பெரும் பங்கு ஒன்று உண்டு. ஆதியாகமம் மூன்று தலைமுறைகளில் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறது. ஆபிரகாமை அடக்கம் செய்ய, பிரிந்து வாழ்ந்த ஈசாக்கும் இஸ்மாயேலும் ஒன்றாக வந்தார்கள். ஈசாக்கை அடக்கம் செய்ய, பகைத்துப் பிரிந்திருந்த ஏசாவும் யாக்கோபும் ஒன்றாக வந்தார்கள். யாக்கோபை அடக்கம் செய்ய, விற்கப்பட்ட யோசேப்பும் விற்ற சகோதரரும் ஒன்றாகப் போனார்கள். ஆனால் வீடு திரும்பியதும் அந்தச் சகோதரருக்குப் பயம் பிடித்தது. தகப்பன் போய்விட்டார், இனி இவன் பழிவாங்குவானோ என்று நடுங்கினார்கள். யோசேப்பு அழுதார். அவர்களையும் அவர்களுடைய பிள்ளைகளையும் தாமே காப்பதாக வாக்களித்தார். தகப்பனுக்கு அவர் கட்டிய உண்மையான நினைவுச்சின்னம் அதுவே.

எங்கள் வீடுகளில் நடப்பதென்ன? சேமக்காலையில் மண் காயுமுன்னே காணி உறுதிகள் வெளியே வருகின்றன. முதுசொம் எது, சீதனம் எது, தேடியதேட்டம் எது என்று, ஒல்லாந்தர் ஆட்சியில் 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமை வகுத்துச் சொல்லியிருக்கிறது. உரிமையைக் கேட்பது பாவம் அன்று. நியாயமான பங்கை மறுப்பதுதான் பாவம். ஆனால் ஒரு வேலிக்காகப் பத்து ஆண்டு வழக்காடி, 31ஆம் நாள் பூசைக்குச் சேர்ந்து வந்த பிள்ளைகள் ஆண்டுத் திருப்பலிக்குத் தனித்தனியே ஒப்புக்கொடுத்தால், அந்த மனிதன் வாழ்நாள் முழுவதும் தேடிய தேட்டம் என்ன ஆயிற்று? அவர் தேடியது பரப்புக் கணக்கான நிலத்தை மட்டுமா? ஒரே சட்டியில் உண்டு, ஒரே பாயில் உறங்கிய உங்களையும் அல்லவா அவர் தேடிவைத்தார்!

ஆகையால், வாசகரே, உங்கள் தகப்பனின் ஆண்டு நினைவு வரும்போது பூசைக்குச் சொல்லுங்கள், ஏழைகளுக்கு அன்னமிடுங்கள். அவற்றுக்கு முன்னதாக, நீங்கள் பேசாமல் விட்ட சகோதரனின் படலைக்குப் போங்கள். அவன் கனடாவில் இருந்தால் தொலைபேசியில் கூப்பிடுங்கள். தகப்பனைப் பற்றியே பேச்சைத் தொடங்குங்கள். அவருடைய பெயரைச் சொன்னபின் அவருடைய பிள்ளைகள் இருவர் நெடுநேரம் பகைவராகப் பேசிக்கொண்டிருக்க முடியாது.