சிவப்புப் பொத்தானுக்குப் பாஸ்வேர்டு கிடையாது

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலை. ரிங் ஃபிரேம் கன்ட்ரோலருக்கு மென்பொருள் எழுதிய குழுவில் நானும் ஒருவன். தொடுதிரையில் மூன்று நிலைகள் வைத்தோம். ஆபரேட்டர் ஓட்டலாம், நிறுத்தலாம். ஃபிட்டர் அலாரத்தை அழிக்கலாம். ஸ்பிண்டில் வேகத்தை மாற்ற இன்ஜினியர் பாஸ்வேர்டு வேண்டும்.

லாட்ஜில் தங்கியிருந்தபோது ராத்திரி இரண்டரைக்கு ஷிஃப்ட் ஃபிட்டர் அண்ணாச்சியிடமிருந்து போன். “தம்பி, ஈரப்பதம் குடுக்குற பிளான்ட் நின்னுபோச்சு. நூலு அத்துக்கிட்டே இருக்கு, பிள்ளைகளால ஒட்டி மாள முடியல. வேகத்தைக் கொறைக்கணும், ஆபீசர் யாரும் போன் எடுக்கல.” பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டுத் தூங்கிப்போனேன்.

காலையில் உற்பத்தி ஏன் குறைந்தது என்று விசாரணை. பதிவில் இருந்தது ‘இன்ஜினியர், 2:41’ மட்டும். “நான்தான் மாத்துனேன்” என்றார் அண்ணாச்சி. பாஸ்வேர்டு யார் தந்தது என்று கேட்டார்கள், அவர் சொல்லவில்லை. ஒருநாள் சம்பளம் போனது. அதே அறையில் நானும் இருந்தேன். வாய் திறக்கவில்லை.

பூட்டே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 2017இல் சவுதி அரேபியாவின் ஒரு பெட்ரோ கெமிக்கல் ஆலையில், பாதுகாப்புக் கன்ட்ரோலரின் சாவி ‘புரோகிராம்’ நிலையிலேயே விடப்பட்டிருந்தது. ட்ரைட்டன் என்ற தீநிரல் அதற்குள் நுழைய அது வழிவிட்டது. பூட்டு வேண்டும்தான். ஆனால் ‘இவரால் முடியுமா’ என்பதற்கு மட்டும்தான் பூட்டு பதில் சொல்லும். ‘இதைச் செய்யணுமா’ என்று அதற்குத் தெரியாது.

எமர்ஜென்சி ஸ்டாப்புக்கு யாரும் பாஸ்வேர்டு வைப்பதில்லை. ஆபத்தை முதலில் பார்ப்பவர் பக்கத்தில் நிற்பவர்தான் என்பது நமக்கே தெரியும். அப்படியிருந்தும் மெஷினை மொத்தமாக நிறுத்தும் உரிமையை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, கொஞ்சம் மெதுவாக்கும் உரிமையை மட்டும் தூங்குகிறவனிடம் கொடுத்திருந்தோம்.

அன்று சாயங்காலம் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். ஆண்டாள் சூடிய மாலையில் முடியைக் கண்டு பெரியாழ்வார் அதை ஒதுக்கினார். விதி அவர் பக்கம்தான் இருந்தது. யாருக்காக அந்த விதியோ, அவரே சூடிய மாலைதான் வேண்டும் என்றார் என்கிறது கதை. இன்றும் அவள் சூடிய மாலை திருப்பதிக்குப் போகிறது.

அதற்காக மீறுகிறவர் எல்லாம் ஆண்டாள் ஆகிவிட முடியாது. மீறியவர் ஒன்றாவது செய்ய வேண்டும்: ‘நான்தான்’ என்று சொல்ல வேண்டும். அண்ணாச்சி சொன்னார். அனுமதி இருந்தது எனக்கு, பொறுப்பு இருந்தது அவருக்கு.

அடுத்த பதிப்பில், ஃபிட்டர் தன் சொந்த எண்ணில் நுழைந்து வேகத்தைக் குறைக்கலாம், கூட்ட முடியாது என்று மாற்றினோம். அது நிரலில் இருந்த தப்பு. என் தப்பு அப்படியே இருக்கிறது. மேனேஜரிடம் போய்ச் சொல்ல எனக்கு எந்தப் பாஸ்வேர்டும் தேவையில்லை. இன்னும் போகவில்லை.