எட்டரை யோகம்

பலர் கூடி நடத்தும் ஆட்சியைக் குறிக்க அரிய சொல்லொன்று தென் திருவிதாங்கூரில் வழங்கிற்று. 'எட்டரை யோகம்' என்பது அது. பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையூர்களில் வாழும் தமிழன்பர்கள் யோகம் என்றதும் தவத்தையோ நற்பேற்றையோ எண்ண வேண்டா. மலையாள வழக்கில் அஃது அவையைக் குறிக்கும்.

திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் நிர்வாகம் இவ்வவையின் கையில் இருந்தது. உறுப்பினர் எண்மர், பெரும்பாலார் போற்றிமார். அவர்களுக்கு ஆளுக்கொரு வாக்கு, மன்னருக்கோ அரை வாக்கே. கோயில் நிலங்களில் வரி தண்டியவர் எட்டுவீட்டுப் பிள்ளைமார். இவர்களுடன் பகைத்த மார்த்தாண்ட வர்மர் நெய்யாற்றின்கரையில் ஒரு பலாமரப் பொந்தில் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது வழிவழிக் கதை. 1729இல் அரசேறிய அவர் பிள்ளைமாரை அழித்தார்; 1750இல் நாட்டைப் பத்மநாபருக்கே அர்ப்பணித்துத் தாம் அவருடைய தாசராய் ஆண்டார்.

மன்னனையே அரை வாக்கில் நிறுத்திய அவையை மக்களாட்சியின் முளை என்று போற்றலாமா? அடியேனுக்கு உடன்பாடில்லை. எண்மர் ஆண்டபோதும் ஒருவர் ஆண்டபோதும் சேற்றில் நின்ற புலையருக்கும் பறையருக்கும் கால் வாக்கும் இல்லை. நிலத்தோடு சேர்த்து அவர்களை விற்ற அடிமை முறை திருவிதாங்கூரில் 1855இல்தான் சட்டத்தால் நீங்கிற்று. ஆள்வோரின் தொகை பெருகுவதால் மட்டும் ஆளப்படுவோரின் சுமை குறைவதில்லை.

வஜ்ஜியர் நாட்டிலும் பலர் கூடியே ஆண்டனர். அவர்கள் அடிக்கடி கூடி ஒற்றுமையாய்க் கலையுமளவும் தாழ்வுறார் என்று பகவான் கூறியதை மகாபரிநிப்பாண சுத்தத்தில் காண்கிறோம். பிக்கு சங்கத்துக்கும் அந்நெறியையே அவர் வகுத்தார். எனினும் வைசாலியின் அவையில் அமர்ந்தோர் குலத்தால் அரசர். சங்கத்திலோ சாக்கிய இளவரசர்கள் துறவு பூண வந்தபோது, அவர்களுடைய நாவிதர் உபாலிக்கே முதலில் தீட்சை அளிக்கப்பெற்றது. தம் குலச்செருக்கு அடங்கவேண்டி இளவரசர்களே அவ்வாறு வேண்டினர் என்பது வினய வரலாறு. சங்கத்தில் மூப்பு தீட்சையால் வருவது. ஆதலின் முடிதரிக்க வேண்டியவர்கள் முடிதிருத்தியவரை வணங்கினர். வஜ்ஜியருக்கும் சங்கத்துக்கும் உள்ள வேற்றுமை இதில்தான் அடங்கியிருக்கிறது என்பேன்.

அவ்விரு சொற்களும் பின்னாளில் கைமாறின. நெய்யாற்றங்கரை அருவிப்புறத்தில் நாராயண குரு 1888இல் செய்த பிரதிட்டையைச் சுற்றித் திரண்ட கூட்டமே, 1903இல் 'யோகம்' என்னும் பெயரோடு ஈழவரின் அமைப்பாய் வளர்ந்தது. நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் வெங்ஙானூரில் 1863இல் பிறந்த அய்யன்காளி 1907இல் சாதுஜன பரிபாலன 'சங்கம்' கண்டார். பின்னர் ஸ்ரீமூலம் பிரஜா சபையில் நியமன உறுப்பினராக அமர்ந்த அவர், தம் மக்களுக்கெனக் கேட்டவை புதுவல் நிலமும் பள்ளியில் இடமுமே.