நல்ல நோக்கம் மட்டும் போதுமா?

ஒரு செயலைச் செய்தவனின் நோக்கம் கொண்டு மதிப்பிடுவதா, அது விளைத்த பயன் கொண்டு மதிப்பிடுவதா என்னும் வினா அறிஞர்களை நெடுங்காலமாக ஆட்கொண்டு வந்துள்ளது. இவ்வினாவுக்கு ஏடுகளில் மட்டுமன்றி, கல்லிலும் காரையிலும்கூட நாம் விடை தேடலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் புறநகர்களில் எழுந்த பேரங்காடி வளாகங்களின் வரலாறு அதற்கு ஏற்றதொரு சான்றாகும்.

அவ்வளாகங்களுக்கு வடிவம் தந்த விக்டர் குரூயன், 1903இல் வியன்னாவில் பிறந்த யூதர். 1938இல் நாஜிகள் ஆஸ்திரியாவைக் கைப்பற்றியபோது தப்பி அமெரிக்கா சேர்ந்த கட்டடக் கலைஞர். மோட்டார் வண்டியின்றி எங்கும் செல்ல இயலாதவாறு பரந்து கிடந்த புறநகர்களைக் கண்டு அவர் வருந்தினார். தாம் பிறந்த ஊரின் சதுக்கங்களைப் போல மக்கள் கூடி உலவும் மையமொன்றை அவற்றுக்கு அளிக்க விழைந்தார். டெட்ராயிட் நகரை அடுத்த சவுத்ஃபீல்டில் 1954இல் திறக்கப்பட்ட நார்த்லாண்டு அவ்விழைவின் கனி. ஹட்சன் என்னும் பெரிய அங்காடி நடுவே நிற்க, சுற்றிலும் சிறு கடைகளும் பூஞ்சோலைகளும் நீரூற்றுகளும் சிற்பங்களும் அமைந்தன. 1956இல் மின்னசோட்டா மாநிலத்து ஈடைனாவில் அவர் எழுப்பிய சவுத்டேல், கடுங்குளிர் காலத்திலும் மக்கள் இதமாக உலவுமாறு முழுவதும் கூரையிடப்பட்டது. முதியோருக்கும் குழந்தையை ஏந்திய தாய்மாருக்கும் இவை நல்கிய வசதியை நாம் குறைத்து மதிப்பிடலாகாது.

ஆயின், அந்தச் சதுக்கம் யாருக்குச் சொந்தம்? ஒரேகன் மாநிலத்துப் போர்ட்லாண்டில் லாயிடு சென்டர் என்னும் வளாகத்தில் வியட்நாம் போரை எதிர்த்துச் சிலர் துண்டறிக்கை வழங்கினர், காவலர் தடுத்தனர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அவ்விடம் தனியார் உடைமையாதலின் அவர்களுக்கு அங்கே அவ்வுரிமை இல்லையென 1972இல் தீர்ப்பாயிற்று. தோற்றத்தில் ஊர்ப்பொதுவாயிருந்தது, உரிமையில் ஒருவரின் கடையாகவே இருந்தது.

வாடகையே அஸ்திவாரமாயின், வாடகை குன்றும் நாளில் கட்டடமும் சரியும். வாங்குவோரை நகரிலிருந்து வெளியே கொணர்ந்த அதே நெடுஞ்சாலை, அவர்களை இன்னும் தொலைவிலுள்ள புதிய வளாகங்களுக்கும் கொண்டு சென்றது. 1950இல் 18 இலட்சத்தைக் கடந்திருந்த டெட்ராயிட்டின் மக்கள்தொகை, 2010இல் 7 இலட்சத்தளவில் சுருங்கியது. ஆலைகள் இடம்பெயர்ந்ததும், கறுப்பின மக்களுக்கு வீட்டுக் கடனும் குடியிருப்பும் மறுத்த அநீதியும் இதற்குப் பெருங்காரணங்கள். பழியனைத்தையும் அங்காடியின் தலையில் சுமத்துதல் நீதியன்று. எனினும் அதற்கும் அதில் பங்குண்டு. நகரின் நடுவே நின்ற ஹட்சன் தலைமைக் கடை 1983இல் மூடப்பட்டு, 1998இல் தகர்க்கப்பட்டது. நகரின் வணிகத்தை ஈர்த்த நார்த்லாண்டும் 2015இல் கதவடைத்தது.

குரூயன் இவ்விறுதியைக் காணவில்லை. 1980இல் வியன்னாவில் மறைந்தார். ஆயினும், குடியிருப்பும் பள்ளியும் மருத்துவமனையும் சூழ அமையவேண்டுமென அவர் வரைந்த திட்டத்தில் கடைகளையும் வண்டி நிறுத்துமிடத்தையும் மட்டும் பிறர் எடுத்துக்கொண்டதைக் கண்டார். 1978இல் அவ்வளாகங்களுக்குத் தாம் பொறுப்பல்லர் என வெளிப்படையாகவே கைவிட்டார்.

அவ்வாறு கைவிடுதல் ஒருவரைப் பொறுப்பினின்று விடுவிக்குமா? முழுமையாக விடுவிக்காது என்பதே நம் கருத்து. அவருடைய நோக்கம் தூயது. நாம் அதனை ஐயுறவில்லை. ஆனால், மக்கள் கூடுதல் என்னும் உயர்ந்த பயனை, பொருள் விற்றல் என்னும் ஒற்றைத் தூணின்மேல் அவர் ஏற்றிவைத்தார். தூண் எவர் கையில் உள்ளதோ, மேலிருப்பதன் ஆயுளும் அவர் கையில்தான். நல்ல நோக்கம் அந்நோக்கத்தைத் தாங்கும் ஏற்பாட்டையும் தேடியிருக்க வேண்டும்.

பொதுமக்களுக்கென ஒன்றை எழுப்ப முனைவோர் அதன் அழகையும் வசதியையும் எண்ணுவது இயல்பே. இலாபம் நீங்கிய நாளிலும் அதனைக் காக்கும் கடமை எவருக்கு உண்டு, காக்கும் உரிமை எவரிடம் இருக்கும் என்பதையும் முதற்கல் நாட்டுமுன்னரே கேட்டறிதல் வேண்டும்.