‘நான்’ யாருக்குப் பாரம்?

“நான் என்பதை விட்டொழி! பற்றை அறு! பேரமைதி தானே வந்தெய்தும்!” தியானம் கற்பிக்கும் மண்டபங்களில் ஓயாது ஒலிக்கும் உபதேசம் இது. செவிக்குக் குளிர்ச்சிதான். ஆயினும், தலையசைக்குமுன் ஒரு வினா எழுப்புவோம். விட்டொழிக்கச் சொல்கிறார்களே, அந்த ‘நான்’ யாரிடம் இருக்கிறது?

பட்டமும் பதவியும் பெருஞ்செல்வமும் குவித்தவனுக்கு ‘நான்’ பாரமாகலாம். இறக்கி வைத்து இளைப்பாறட்டும். ஆனால், திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை அணிவகுத்து நிற்கும் ஆலைகளிலே, அடையாள அட்டையின் எண்ணால் அறியப்பட்டு, இயந்திரத்தின் வேகத்துக்குத் தன் கையை ஓட்டும் தொழிலாளிக்கு? ‘நான்’ என்று வாய் திறக்கவே வழியற்றவனிடம், ‘அதனைத் துறந்துவிடு’ என்பது, பட்டினி கிடப்பவனுக்கு உபவாசத்தின் பெருமையை ஓதுவதன்றி வேறென்ன?

விந்தை கேளுங்கள்! ‘நான்’ அழியத்தான் வேண்டுமா என்று வாதிட்டவர்களுள் ஒருவர், அதே திருப்பெரும்புதூரில் 1017-இல் பிறந்ததாக மரபு கூறும் இராமானுசர். ‘நான்’ எனும் உணர்வு அறியாமையின் விளைவு, வீடுபேற்றில் அது மறையும் என்றனர் அத்வைதிகள். ‘ஸ்ரீபாஷ்யம்’ எனும் நூலில் அதை அவர் மறுத்தார். அறிகிறவனே ‘நான்’, விடுதலையில் அவனே அழிவானாயின், அந்த விடுதலைக்கு முயல்வோர் யார்? அப்பேச்சு காதில் விழுந்ததும் எவனும் எழுந்து ஓடுவானே என்பது அவர் வாதம். செருக்கு வேறு, ‘நான்’ வேறு என்றும் பிரித்துக் காட்டினார்.

அவருடைய ஆண்டவனையும் ஆன்மாவையும் நாம் ஏற்கவில்லை. வேதவழி ஞானத்துக்குச் சூத்திரர்க்கு உரிமையில்லை என்று அதே நூலில் எழுதியவரும் அவரே, அதை மறக்கவுமில்லை. எனினும், விடுதலை பெற ஒருவன் இருந்தாக வேண்டும் என்னும் வாதத்தைப் பகுத்தறிவு தள்ளிவிட முடியாது.

அவரைப் பற்றித் திருக்கோட்டியூர்க் கதை ஒன்றுண்டு. கதைதான், வரலாறென்று சாதிக்கமாட்டோம். மறைவாகப் பெற்ற மந்திரத்தை ஊரறியச் சொன்னால் நரகம் என்று குரு எச்சரித்தாராம். பலர் உய்ய, தான் ஒருவன் நரகம் புகுவதில் கேடில்லை என்று அவர் உரக்கச் சொன்னாராம். அக்கதையில் அவர் துறந்தது எது? தன் பேறு. துறவாதது எது? ‘நான் செய்வேன்’ எனும் துணிவு.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2024 செப்டம்பர் 9 அன்று, சுங்குவார்சத்திரத்திலுள்ள சாம்சங் ஆலையில் வேலைநிறுத்தம் தொடங்கிற்று. அக்டோபர் 15 வரை 37 நாட்கள்! ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கலந்துகொண்டனர். ஊதிய உயர்வும் கேட்டனர். ஆயினும் அவர்கள் அழுத்தமாகக் கேட்டது, தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம். நிறுவனத்தின் பெயரைச் சங்கப் பெயரில் சேர்க்கலாகாது என்று நிர்வாகம் ஆட்சேபித்தது. 2025 சனவரியில் சங்கம் பதிவாயிற்று.

எண்ணிப் பாருங்கள்! வேலை செய்யாத நாளுக்குக் கூலியில்லை என்பதை அறிந்தே வெளியில் வந்தனர். வீட்டு வாடகையும் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் காத்துக் கிடக்க, கூலியின்மீதுள்ள பற்றை விட்டனர். எதற்காக? ஒரு பெயருக்காக, ‘நாங்கள்’ என்று கூறும் உரிமைக்காக. ஊதியத்தைத் துறந்து தன்மானத்தைக் காத்த இவர்களா பற்றுடையோர்? தன்மானத்தைத் துறக்கச் சொல்லி, ஆதாயத்தைத் தொடாமல் வைத்துக்கொள்பவரா பற்றற்றோர்?

கண்மூடி அமர்ந்து மூச்சைக் கவனித்தால் பதற்றம் தணியலாம், மறுக்கவில்லை. உழைத்த உடலுக்கு உறக்கம் போல, உலைந்த மனத்துக்கு அது ஓய்வு தரட்டும். ஆனால், ஓய்வு நியாயமாகிவிடாது. புத்தர் நிலையான ஆன்மா இல்லை என்றார். அவரும் தம்மைப் பின்பற்றியோரைத் தனித்தனியே விட்டுவிடாமல் சங்கமாக்கினார்.

இளைஞர்களே! பற்றறுக்கச் சொல்வோரிடம் ஒன்று கேளுங்கள்: விடச் சொல்வது தன்னலத்தையா, தன்மானத்தையா? தன்னலம் எனில், இன்றே விடுவோம். தன்மானம் எனில், விடமாட்டோம். அது நமக்குப் பாரமன்று, முதுகெலும்பு!