இன்னொரு உலகம் எதுக்கு?

உலகத்தைப் படைக்கிறவருக்கு அறம் என்று ஒன்று உண்டா? இது கடவுளைப் பற்றிய கேள்வி இல்லை. அவர் பதில் சொல்லிப் பழக்கமில்லாதவர், விட்டுவிடுவோம். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து உலகங்களைச் செய்து விற்கிற மனிதர்களைப் பற்றிய கேள்வி. இன்டர்நெட் வழியாக ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் ஒரே உலகத்துக்குள் நுழைந்து, ஆளுக்கொரு வேஷம் கட்டி, சண்டை போட்டு, சந்தை வைத்து, கூட்டம் சேர்த்து வாழ்கிற விளையாட்டுகள் இருக்கின்றன. இதில் புதிதாக ஒன்றைச் செய்யப் போகிறேன் என்று கிளம்புகிறவரிடம் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "ஏற்கெனவே நூத்துக்கணக்குல கெடக்குது. இன்னொண்ணு எதுக்கு?"

வியாபாரி கேட்கிற கேள்விதான். ஆனாலும் நாமும் கேட்க வேண்டிய கேள்வி.

நெரிசல் உண்மை. 2004இல் ப்ளிஸார்ட் கம்பெனி 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டைக் கொண்டுவந்தது. 2010இல் அதற்குச் சந்தா கட்டி ஆடியவர்கள் 1 கோடியே 20 லட்சம் பேர். அதைப் பார்த்து நாக்கில் எச்சில் ஊற இறங்கியவர்களில் பலர் காணாமல் போனார்கள். 2014இல் வந்த 'வைல்ட்ஸ்டார்' 2018இல் மூடப்பட்டது. அதே ப்ளிஸார்ட், ஏழு வருஷம் பாடுபட்ட 'டைட்டன்' என்ற புது உலகத்தை வெளியே விடாமலே 2014இல் கைவிட்டது. பணமும் ஆளும் உள்ளவர்களுக்கே இந்தக் கதி. ஒண்ணுமில்லாதவன் எதுக்கு இதில் நுழையணும்?

ஒரு தெருவில் நூறு கடை, நூறிலும் ஒரே சரக்கு. அதற்குப் பெயர்தான் இங்கே நெரிசல். என்ன சரக்கு என்று பிரித்துப் பார்ப்போம்.

இந்த விளையாட்டுகளுக்கெல்லாம் பாட்டன், 1974இல் அமெரிக்காவில் வந்த 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்'. கம்ப்யூட்டர் கிடையாது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து தாளும் பகடையும் வைத்து ஆடுவது. முதல் வேலை, எந்த இனத்தில் பிறக்கிறாய் என்று சொல்ல வேண்டும். மனிதனாகப் பிறந்தால் எத்தனை படி வேண்டுமானாலும் ஏறலாம். குள்ளர் இனத்தில் பிறந்தால், அந்த முதல் விதிப்புத்தகத்தின்படி, போர்வீரன் தொழில் மட்டும்தான். அதிலும் ஆறாம் படிக்கு மேல் ஏற முடியாது. எவ்வளவு திறமையாக ஆடினாலும் முடியாது. தொழிலும் பிறப்பால், எல்லையும் பிறப்பால். இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

1999இல் வந்த 'எவர்குவெஸ்ட்' இதை இன்டர்நெட்டுக்குக் கொண்டுபோனது. அதில் ட்ரோல் என்று ஓர் இனம். ட்ரோலாகப் பிறந்தவன் மனிதர்களின் ஊருக்குள் கால் வைத்தால், வாசலில் நிற்கிற காவலர்கள் என்ன ஏது என்று கேட்காமல் வெட்டுவார்கள். அவன் ஒரு தப்பும் பண்ணியிருக்க மாட்டான். மேலே ஏறுவதற்கும் அவன் மற்றவர்களைவிடக் கூடுதலாகப் பாடுபட வேண்டும் என்று விதி. வார்கிராஃப்டில் இனங்களை இரண்டு அணியாகப் பிரித்துவிட்டார்கள். ஓர் அணி பேசுவது மற்ற அணிக்கு வெறும் உளறலாகத்தான் தெரியும். இரண்டு அணியும் ஒரு குழுவாகச் சேர்ந்து போக 2022இல்தான் வழி திறந்தார்கள்.

"வெளையாட்டுதானே, அவனா விரும்பித்தானே ட்ரோல் வேஷத்த எடுக்கிறான்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கூத்தில் வேஷம் கட்டுகிறவர் விடிந்ததும் அரிதாரத்தைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போகிறார். நம் பாட்டன் பூட்டனுக்குக் கழுவிக்கொள்கிற வசதி இருந்ததில்லை. திரையில் வெட்டுப்படுவதும் தெருவில் வெட்டுப்படுவதும் ஒன்று என்று சொன்னால், அது செத்தவர்களுக்குச் செய்கிற துரோகம். நான் அதைச் சொல்லவில்லை. கேள்வி ஆடுகிறவரைப் பற்றியது இல்லை, விதி எழுதுகிறவரைப் பற்றியது. அவர் முன்னால் இருந்தது வெறும் வெள்ளைத்தாள். அங்கே டிராகன் பறக்கிறது, செத்தவன் எழுந்து நடக்கிறான். பிறப்பால் மேல் கீழ் இல்லாத ஓர் ஊரை மட்டும் அவரால் கற்பனை பண்ண முடியவில்லை. ஆதிக்கம் கற்பனைக்குள்ளும் குடியிருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

கற்பனை பண்ணியவர்களும் இருந்தார்கள். 1978இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா என்ற மாணவர் தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த 'மட்' என்ற விளையாட்டு. படம் கிடையாது, எல்லாம் எழுத்துதான். இங்கிலாந்தில் ஒருவர் வாயைத் திறந்தாலே எந்த வர்க்கம் என்று தெரிந்துவிடும். உழைக்கும் வர்க்கத்திலிருந்து வந்த பார்ட்டில், அந்த அமைப்புக்கு எதிரான ஓர் அரசியல் காரியமாகத்தான் இதைச் செய்தோம் என்று பின்னால் வெளிப்படையாகச் சொன்னார். அங்கே இனம் இல்லை. எல்லோரும் ஒரே அடிப்படியில் தொடங்க வேண்டும். இந்த வகை விளையாட்டைச் சந்தைக்குக் கொண்டுபோனவர்களில் பலர்தான் பிறப்பைத் திரும்ப வாசலில் உட்கார வைத்தார்கள்.

'மட்' மட்டும் முழு விடுதலையா என்றால், அதுவும் இல்லை. பிறப்பை எடுத்தார்கள், ஏணியை வைத்தார்கள். உச்சிக்கு ஏறியவர் 'விஸார்ட்' ஆகி மற்றவர்கள்மேல் அதிகாரம் பண்ணலாம். ஏறுவதற்கு நேரம் வேணும். ஓய்வு யாருக்கு இருக்கிறதோ அவர் ஏறுவார். சாதியைப் படிநிலைப்பட்ட சமத்துவமின்மை என்று அம்பேத்கர் விளக்கியது இங்கேயும் உதவும். தனக்குக் கீழே ஒருத்தன் இருக்கிறவரைக்கும் நடுப்படியில் நிற்கிறவன் ஏணியில் கை வைக்க மாட்டான்.

வேறு வழியே இல்லையா? இருக்கிறது. 2003இல் ஒரு சின்னக் கம்பெனி 'எ டேல் இன் தி டெசர்ட்' என்ற விளையாட்டைக் கொண்டுவந்தது. பழைய எகிப்தில் நடக்கிற கதை, சண்டையே கிடையாது. ஆடுகிறவர்களே சட்டத்தை எழுதி, கையெழுத்துத் திரட்டி, ஓட்டுப் போட்டு நிறைவேற்றலாம். அந்தப் பழைய பாட்டனே, 50 வருஷம் கழித்து, 2024 விதிப்புத்தகத்தில் 'இனம்' என்ற சொல்லை எடுத்துவிட்டது. பிறப்போடு ஒட்டி வந்த கூடுதல் மதிப்பெண்ணைப் பிரித்து, அந்த ஆள் முன்னால் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதோடு சேர்த்துவிட்டார்கள். மனுசன் எழுதின விதியை மனுசன் மாத்தலாம்.

நெரிசலில் நுழைகிறவர் இன்னொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். பிந்தி வருகிற கடைகள்தான் முதலில் மூடப்படும். மூடினால், உள்ளே குடியிருந்தவர்கள்? 'சிட்டி ஆஃப் ஹீரோஸ்' என்ற உலகத்தை அதன் கம்பெனி 2012இல் இழுத்து மூடியது. நண்பர்களைச் சேர்த்து வருஷக்கணக்கில் அங்கே கிடந்தவர்கள் ஒரே நாளில் வெளியே நின்றார்கள். பிறகு ஆடியவர்களே அதற்குத் திருட்டுத்தனமாக உயிர் கொடுத்தார்கள். 2024இல் அவர்களில் ஒரு குழுவுக்குக் கம்பெனியே அனுமதி கொடுத்தது. குடிவைத்தவன் காலி பண்ணச் சொல்லலாம், ஊர் யாருடையது என்பது வேறு கணக்கு. புறம்போக்கில் குடிசை போட்டு வாழ்ந்து, புல்டோசர் வந்த பிறகும் அதே இடத்தில் உட்கார்ந்த நம் ஜனங்களுக்கு இது புரியும்.

ஆக, இன்னொரு உலகம் செய்யலாமா? செய்யலாம். டிராகனுக்கு ரெக்கை வரைவதற்கு முன்னால் ஒரே ஒரு பக்கம் எழுத வேண்டும். உள்ளே வருகிறவரிடம் வாசலில் என்ன கேட்பீர்கள்? சட்டத்தை யார் எழுதுவார்கள்? கடையை மூடினால் சாவியை யார் கையில் கொடுப்பீர்கள்? அந்தப் பக்கம் மற்றக் கடைகளில் இருக்கிற பக்கம் போலவே இருந்தால் விட்டுவிடுங்கள். அந்த உலகத்தில்தான் நாம் ஏற்கெனவே இருக்கிறோம்.