வினைப்பயனும் இழப்பீடும்

பிறர் பிழையால் ஊறுற்றார் அப்பிழை செய்தார்பால் இழப்பீடு கேட்டல் சைவநெறிக்கு ஒக்குமோ என அன்பர் சிலர் ஐயுறுகின்றனர். கடுகி வந்த மோட்டார் வண்டியாற் கால் முரிந்து, தொழிலிழந்து, மனையிற் கிடப்பாரும், "இஃது யாம் முன்செய்த வினை, வழக்காடுதல் அதனை நுகர மறுத்தலாம்" என்று வாளாவிருந்துவிடுகின்றனர். மனைவி மக்கள் பட்டினி கிடத்தலையும் அவ்வினைக்கணக்கிலேயே எழுதிவிடுகின்றனர்! இது சித்தாந்தத்தைப் பிறழவுணர்ந்ததன் விளைவென்பதே நம் கருத்து.

என்னை? வினை சடமாதலின் தானே சென்று ஒருவனைப் பற்றாது. அதன் பயனைக் கூட்டி ஊட்டுவான் இறைவன். அப்பயன் பிறரால் வந்தெய்துங்கால், அப்பிறன் வெறுங் கருவியல்லன். அறிவும் இச்சையும் உடைய உயிர். கள்ளுண்டு வண்டி செலுத்தியது அவன் செயலே. அஃது அவனுக்கு ஆகாமியமாய் ஏறும். இனி, நோயும் வினைப்பயனே. அதுபற்றி மருந்துண்ணாதார் யாவர்? மருத்துவன்பாற் செல்வார் மன்றத்திற்குச் செல்லக் கூசுவானேன்?

"அவன் கழுவாய் தேடிக்கொள்க, நமக்கென்?" எனின், சேக்கிழார் பெருமான் அருளிய மனுநீதி வரலாற்றை நோக்குக. திருவாரூர் வீதியில் அரசிளங்குமரன் ஆன்கன்றைக் கொல்லக் கருதிற்றிலன். அது தானே தேர்க்காலிற் புகுந்து மடிந்தது. அமைச்சர் மறைவிதித்த கழுவாயைக் கூறினர். மன்னன் அதனை ஏலாமைக்குக் காரணம், அக்கழுவாய் கன்றையிழந்து அலறும் பசுவின் நோய்க்கு மருந்தாகாது என்பதே. செய்தான் பாவம் நீங்குதல் வேறு. பட்டான் இழவு தீர்தல் வேறு. நம்மனோர் பலர் இவ்வேறுபாட்டைக் கருதுவதில்லை. மணியை அசைத்த ஆவை, வினையை நுகர மறுத்ததென எவரும் பழித்திலர்.

இந்நாளில் அம்மணிக்கு ஈடாக நிற்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். ஊறுபட்டாரும், மாண்டாருடைய உரிமையினரும் தீர்ப்பாயத்தில் விண்ணப்பிக்கலாம். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அதற்கு ஆறு திங்கள் எல்லை குறித்தமையின், விதியென்று காலந்தாழ்த்தல் இடராம். பொருள் கொடுப்பது பெரும்பாலும் காப்பீட்டுக் கழகமாதலின் பிழைசெய்தான் நெஞ்சு உறுத்துமோ என்பது வேறு வினா. அதனை ஈண்டு விரித்திலம்.

இறைவனே முதியோனாய்த் திருவெண்ணெய்நல்லூர் அவையில் வழக்காடினன் அன்றோ? நம்பியாரூரர் படியோலையைக் கிழித்தபின் மூலவோலை காட்டினன். அவையத்தார் பாட்டனார் கையெழுத்தொடு ஒப்புநோக்கித் துணிந்தனர். ஓலையில் உள்ளதற்குமேல் அவன் ஒன்றும் கேட்டிலன். ஆறிய காலை ஆறாதெனச் சொல்லி மருத்துவச் சான்று பெறுவார்க்கு அப்பொய் புதுவினையாம். வண்டி செலுத்தினான் பிழையோடு தம் பிழையுங் கலந்திருப்பின் அதனையும் மறையாது கூறுக. தீர்ப்பாயம் அப்பங்கைக் கழித்தே தொகை வகுக்கும்.